கையடக்க கேம் கருவிக்குத் திரைக் காப்பு ஃபிலிம்: நாள்பட்ட அனுபவம்

என் கேம் கருவியின் திரை பிளாஸ்டிக். விழுந்தால் சில்லுச் சில்லாக உடையாது, ஆனால் கீறல் சட்டென்று விழும். அதனால் திரைமேல் ஒட்டும் டெம்பர்டு கிளாஸ் (சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி) பக்கமே போகாமல், மெல்லிய பெட் (PET) ஃபிலிம் வாங்கி ஒட்டினேன். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே வகை பிளாஸ்டிக்தான் இது. உங்கள் கருவியின் திரை கண்ணாடி என்றால் கணக்கு வேறு. அங்கே கிளாஸ் ஒட்டினால், கீழே விழும்போது படும் அடியைக் கொஞ்சமாவது அது வாங்கிக்கொள்ளும்.

வாங்கும்போது அட்டையில் பெரிதாக 9எச் என்று போட்டிருப்பார்கள். அது பென்சிலை வைத்துக் கடினத்தைப் பார்க்கும் கணக்கு. குறிப்பிட்ட எடையை ஏற்றி, 45 டிகிரி சாய்வில் பென்சிலைத் தள்ளிப் பார்ப்பார்கள். 9எச் பென்சிலுக்கும் கீறல் விழவில்லை என்றால் அந்தப் பெயர் கிடைக்கும். கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மோஸில் சாதாரணக் கண்ணாடி 5.5-க்குப் பக்கம், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஆகவே பையின் அடியில் கிடக்கும் நாலு மணல் துகள் 9எச் கிளாஸையும் தாராளமாகக் கீறும். சாவி, நாணயத்தைவிட மணலுக்குத்தான் நான் பயப்படுவேன். எந்த ஃபிலிம் ஆனாலும் அது கீறலைத் தடுப்பதில்லை, திரைக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒட்டுவதில் முக்கால்வாசி வேலை தூசியோடுதான். வெந்நீரில் குளித்து முடித்த குளியலறையில் காற்றில் மிதக்கும் தூசி ஈரத்தோடு கீழே படிந்துவிடும், அங்கே வைத்து ஒட்டினால் பாதித் தொல்லை தீர்ந்தது (மின்விசிறி ஓடவே கூடாது). திரையை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மிச்சத் துகள்களை செலோடேப்பால் ஒற்றி எடுங்கள். பின்தாளை முழுக்க உரிக்காமல் ஒரு விரல் அகலம் மட்டும் உரித்து, அந்த ஓரத்தைச் சரியாகப் பொருத்துங்கள். அப்புறம் மீதித் தாளை மெல்ல இழுத்துக்கொண்டே, துணி சுற்றிய அட்டையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். குமிழி வந்தால் உற்றுப் பாருங்கள். நடுவில் புள்ளி இல்லாத சின்னக் குமிழி வெறும் காற்று, சிலிகான் பசை படியப் படிய ஓரிரு நாளில் தானாக மறையும். நடுவில் புள்ளி இருந்தால் அது தூசி, எத்தனை தேய்த்தாலும் போகாது. அந்த மூலையை ஒரு டேப் துண்டால் தூக்கி, இன்னொரு துண்டால் ஃபிலிமின் பசைப் பக்கத்தையும் திரையையும் ஒற்றிவிட்டு மறுபடி படிய விட வேண்டும். விரல் மட்டும் பசையில் படவே கூடாது, ரேகை அப்படியே தங்கிவிடும்.

நாள்பட்ட பிறகு என்ன ஆனது? கட்டைவிரல் ஓயாமல் தேய்க்கும் இடத்தில்தான் முதலில் மாற்றம் தெரிந்தது. மேலே இருக்கும் எண்ணெய் ஒட்டாத பூச்சு அங்கே தேய்ந்துபோய், கைரேகை பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது, விரலும் முன்போல் வழுக்கவில்லை. சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போன்ற கோடுகள் நிறைய. விளையாடும்போது ஒன்றும் தெரியாது. ஒரு மூலை லேசாகத் தூக்கி, அதன் அடியில் அழுக்கு கறுப்புக் கோடாகச் சேர்ந்தது. அது கண்ணை உறுத்தியதால் கழற்றினேன், இல்லாவிட்டால் இன்னும் ஓடியிருக்கும். திரைக்கு இணையாக மடக்கி மெதுவாக இழுத்ததும் பசை துளியும் ஒட்டாமல் வந்துவிட்டது. அடியில் திரை புதிதாக வாங்கியது போலவே இருந்தது, பார்த்தபோது நிஜமாகவே சந்தோஷம்.

மற்ற வகைகளையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பில்லாத மேட் ஃபிலிம் வெளிச்சம் அடிப்பதைக் குறைக்கும், ஆனால் வெள்ளைப் பின்னணியில் பொடிப்பொடியாக மினுங்கும். புத்தகம் படிக்கும் மின்தாள் ரீடருக்கு அது அருமை, கேமுக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ரப்பர் போல வளையும் டிபியு (TPU) பிளாஸ்டிக் ஃபிலிம் சின்னக் கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும், வளைந்த ஓரத்துக்கும் நன்றாகப் படியும், ஆனால் விரலுக்குக் கொஞ்சம் பிசுக்கென்று இருக்கும். புற ஊதா விளக்கில் இறுக வைக்கும் திரவப் பசை கிளாஸை, ஸ்பீக்கர் துளை திரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கருவிக்கு நான் சொல்லவே மாட்டேன், பசை உள்ளே இறங்கினால் எடுக்க வழியில்லை.

இன்னொன்று, நின்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி மாடல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்க ஆலையிலேயே ஒரு ஃபிலிம் ஒட்டித்தான் வருகிறது, அதை உரிக்காதீர்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. உங்கள் ஃபிலிம் அதன் மேல்தான் போக வேண்டும்.

இரண்டாவதாகவும் அதே பெட் வகையைத்தான் ஒட்டியிருக்கிறேன். இந்த முறை திரையின் விளிம்பைவிட ஒரு நூல் சின்னதாக வெட்டியதைத் தேடி வாங்கினேன், மூலை எதிலும் உரசாததால் இதுவரை தூக்கவில்லை.