டேப்பட் சத்தத்துக்கு எந்த ஆயில்: 20-50, 10-30, சிந்தெட்டிக்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வண்டியில்தான் போய் வருகிறேன். பழைய ஸ்பிளெண்டர், 97.2 சிசி. ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு இன்ஜின் தலைப்பக்கம் டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. சாலையில் போகும்போது அவ்வளவாகத் தெரியாது. பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியதும் கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பிக் காதில் விழும்.

வீட்டருகே இருக்கும் மெக்கானிக் தம்பி, "20-50 ஊத்திடலாம்ணே, அடங்கிடும்" என்றார். அரியாங்குப்பத்தில் பார்த்த பெரியவர் ஒருவர், "கம்பெனி சொன்ன 10-30ஐயே ஊத்துங்க தம்பி, டேப்பட்ட செட் பண்ணுங்க, போதும்" என்றார். டேப்பட் என்பது வால்வுக்கும், அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் திருகு. கூட வேலை பார்க்கும் நண்பர் சிந்தெட்டிக் (செயற்கையாகத் தயாரிக்கும் ஆயில்) 10-40 பக்கம். ஒன்றரை வருடத்தில் மூன்றையும் ஊற்றிப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு அரியாங்குப்பத்துப் பெரியவருக்குத்தான்.

ஆயிலுக்குப் போகுமுன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். காலையில் இன்ஜின் சூடாகுமுன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். டேப்பட் சத்தம் ஹெட்டின் மூடிக்கு அருகில் கூர்மையாக, சீராகக் கேட்கும். இன்ஜின் தண்டு (கிராங்க்) இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒருமுறை திறக்கும். ஐடிலில் 1400 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 700 தட்டு. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க அதே தாளத்தில் வேகம் கூடும்.

சைலன்சர் பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான். இன்ஜின் சூடாகி இரும்பு விரிந்ததும் அது குறைந்துவிடும். அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ஆயில் மாற்றிப் பயனில்லை. டைமிங் செயின் தளர்ந்தால் டிக் டிக் என்று இருக்காது, சளசளவென்று கேட்கும். அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று, லோடு கொடுக்கும்போது கூடினால் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரே மெல்லிய டிக் சத்தம் போடும். அது இயல்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறையப் பேர் டிப்ஸ்டிக்கை மரை ஏற்றி முழுக்க முடுக்கிவிட்டு அளவு பார்க்கிறார்கள். இந்த வண்டியில் குச்சியைத் துடைத்து, மரை ஏற்றாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். முடுக்கினால் குச்சி ஆழமாக இறங்கும், குறைவாக இருக்கும் ஆயிலும் சரியாக இருப்பதுபோல் தெரியும். மேலே ஹெட்டுக்கு ஆயில் போதாமல்தான் பல சத்தங்கள் தொடங்குகின்றன. என் வண்டியிலும் முதல் நாள் அளவு குறைவாகத்தான் இருந்தது. நிரப்பியும் சத்தம் முழுக்கப் போகவில்லை, அதனால்தான் இந்தக் கதை.

சரி, ஆயில். 20டபிள்யூ-50 என்பதில் பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. அந்தச் சூட்டில் 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். கடலூரில் மார்கழி விடியலிலும் அப்படிக் குளிராது, அதனால் 20-50 தாராளமாக ஊற்றலாம் என்று பலர் வாதிடுகிறார்கள். அதில் பாதிதான் சரி. நம் ஊர்க் காலை வெப்பத்திலும் 20-50, 10-30ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டி. முதல் சில நொடிகள் அது மேலே ஏறத் தாமதமாகும்.

20-50 ஊற்றிய அன்று சத்தம் நன்றாகவே குறைந்தது, மறுக்கவில்லை. கெட்டியான ஆயில் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே மெத்தைபோல் நிற்கிறது. ஆனால் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்னைவிடப் பெரிதாகத் தட்டியது. பிக்கப் மந்தமானது, மைலேஜ் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்போல இறங்கியது. இரண்டாயிரம் கிலோமீட்டரில் பழைய சத்தம் திரும்பி வந்தது.

சிந்தெட்டிக் 10-40 ஓட்டத்துக்கு அருமை. வெயிலில் தவளக்குப்பம் சிக்னலில் நின்று நின்று போகும்போது கியர் மென்மையாக விழுந்தது. சூட்டில் ஆயில் அவ்வளவு சீக்கிரம் நீர்க்காது. விலைதான் மினரலைப்போல (கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் சாதாரண ஆயில்) ஏறத்தாழ இரண்டு மடங்கு. டிக் சத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. தினம் நூறு கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு வாங்கச் சொல்வேன், சத்தத்துக்காக வேண்டாம்.

கடைசியில் பெரியவரிடமே போனேன். இரவு முழுக்க நின்று ஆறிய இன்ஜினில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ஃபிளைவீலின் டி குறியைச் சேர்த்து, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தார். எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) பக்கம் இடைவெளி கண்ணுக்கே தெரியும் அளவுக்கு அதிகம். மானுவல் அளவுக்கு வைத்து, 10டபிள்யூ-30 மினரல் ஊற்றினார். கால் மணி நேர வேலை. இதில் அவர் சொன்ன ஒன்று முக்கியம்: சத்தமே வரக்கூடாது என்று டேப்பட்டை இறுக்கச் சொல்லாதீர்கள். இறுக்கினால் வால்வு முழுக்க மூடாது, சூட்டை இறக்க வழியில்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். லேசாகத் தட்டுவது பரவாயில்லை.

எந்த கிரேடு வாங்கினாலும் ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகிறது. காருக்கு வாங்கி மிஞ்சிய 5-30ஐ ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்த்த மருந்து கிளட்சை வழுக்க விட்டுவிடும். எம்பி என்பது ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களுக்கு. யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருப்பது) உள்ள புல்லட் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கையே பார்க்க வேண்டாம், அதற்குக் கம்பெனி சொல்வதே 15-50, அதில் ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் செட்டிங்கும் கிடையாது.

20-50க்கு ஓர் இடம் உண்டு. பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் குடித்து, நீலப் புகை விடும் வண்டியை, போர் வேலைக்கு (சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது) பணம் சேரும்வரை ஓட்டியாக வேண்டும் என்றால் அதை ஊற்றலாம். முள்ளோடையில் பெட்ரோல் போடும்போது பின்னால் நிற்பவர் முகத்தில் புகை அடிப்பதாவது கொஞ்சம் குறையும்.