மூக்குப்பேணியும் ஏஆர் கமராவும்: நாலு வருடப் பாவனைக்குப் பிறகு

2021 நடுப்பகுதியில் தொடங்கிய வேலை இது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மம்மாவின் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பழைய சாமான்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பெயர், அளவு, எதற்குப் பாவித்தது, யார் கொண்டுவந்தது என்று எழுதி ஓர் ஆவணமாக்க நினைத்தேன். 1995 ஒக்டோபர் கடைசியில் போரினால் ஊரோடு ஊராக, கொக்குவில் அடங்கும் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டில் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனோம் என்பதற்கு எங்களிடம் ஒரு பட்டியல்கூட இல்லை. அம்மா இப்பவும் இருந்தாற்போல ஒரு தாம்பாளத்தைப் பற்றிக் கேட்பார். அது எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் கிடையாது. மிச்சம் இருப்பதற்காவது அந்தக் கதி வரக்கூடாது.

முதலில் வழமைபோலப் படம் எடுத்து, கணினிக்கு அனுப்பி, பின்னணியை அழித்து, வேர்டில் ஒட்டினேன். ஒரு சுளகுக்கே இருபது நிமிடம் போனது. அப்போதுதான் ஏஆர் வழி, அதாவது போன் கமரா காட்டும் நிசக் காட்சியோடு கணினிப் படத்தை இணைக்கும் வழி, கண்ணில் பட்டது. 2020 மே மாதத்தில் சிரில் டியாஞ் என்ற வடிவமைப்பாளர் ஒரு மாதிரிச் செயலியைக் காட்டியிருந்தார். போனை ஒரு பொருளுக்கு நேரே பிடித்து அழுத்தினால் பின்னணி கழன்று பொருள் மட்டும் நிற்கும். அப்படியே போனைக் கணினித் திரைக்கு நேரே கொண்டுபோனால், ஃபோட்டோஷொப் ஆவணத்தில் காட்டிய இடத்தில் போய் விழும். வெட்ட ஏறத்தாழ 2.5 விநாடி, ஒட்ட 4 விநாடி. நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். அதே வழியில் வந்த செயலி ஒன்றைத்தான் நான் எடுத்தேன். முதல் நாள் வெற்றிலைத் தட்டத்தை எடுத்து ஆவணத்தில் விட்டபோது, கையால் தூக்கி வைத்த மாதிரியே இருந்தது. அந்தச் சந்தோசம் இன்னும் குறையவில்லை.

ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு, பிடிபட ஒரு மாதம் எடுத்தது. வெறும் வெள்ளைப் பக்கத்தில் விட்டால் படம் எங்கேயோ போய் விழும். போன் பார்க்கும் காட்சியையும் கணினித் திரையையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுத்தான் அது இடத்தைக் கண்டுபிடிக்கிறது. வெள்ளைத் தாளில் ஒப்பிட என்ன இருக்கிறது? நாலு வரி எழுதி, ஒரு அட்டவணையும் போட்டுவிட்டு ஒட்டினால் சரியாக விழும். அதனால் சாமானின் விவரத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகு படம் ஒட்டப் பழகினேன். எழுதுவதைத் தள்ளிப்போடும் பழக்கமும் அதோடு போயிற்று.

எல்லாவற்றிலும் கூடப் பாடுபடுத்தியது மூக்குப்பேணி. பித்தளைப் பேணி, பக்கத்தில் சின்னதாக ஒரு மூக்கு. வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதற்கு. படம் வடிவாக வரட்டும் என்று அம்மா புளி போட்டு மினுக்கித் தந்தார். அதுதான் பிழையாய்ப் போனது. மினுங்கும் பித்தளையில் விறாந்தைச் சுவரும் வானமும் தெரிய, செயலி அவற்றைப் பின்னணி என்று எடுத்து மூக்கோடு சேர்த்து வெட்டிவிட்டது. அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "பேணியின்ரை மூக்கு எங்கை பிள்ளை?" என்று கேட்டார். பன்னிரண்டு தரம் எடுத்துப் பார்த்த பிறகு கண்ட வழி: பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, பேணிக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட வேண்டும். கீழே கடும் நீலத் துணி. மினுக்கவே கூடாது. மூக்கு முழுசாக வந்தது.

பனையோலைச் சாமான் வேறு விதம். கடகத்தின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈர்க்குத் துணுக்குகள் எல்லாம் மழிக்கப்பட்டு, பிளாஸ்டிக் கூடை போல வரும். இந்த வேலைக்குப் பெயர்போன யூ2நெட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் படத்தை 320க்கு 320 புள்ளியாகச் சுருக்கித்தான் எது பொருள், எது பின்னணி என்று பிரிக்கிறது. அதில் கிடைக்கும் வெட்டு வரைவைத் திரும்பப் பெருப்பிக்கும்போது மெல்லிய ஓரங்கள் தப்புவதில்லை. ஆகவே ஓலைச் சாமான்களுக்கு விளிம்பைத் துண்டு துண்டாகக் கிட்ட நின்றும் எடுத்து, வெட்டாமலே பக்கத்தில் சேர்க்கிறேன். பின்னல்தான் கடகம், அதைத் தொலைத்துவிட்டுப் படம் வைத்து என்ன பயன்?

ஆனால் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது அளவு. கனடாவில் இருக்கும் அக்காவின் மகள் ஆவணத்தைப் பார்த்துவிட்டு, நீத்துப்பெட்டியும் கடகமும் ஒரே அளவு என்று நினைத்துவிட்டாள். புட்டு அவிக்கும் பெட்டி எங்கே, தலையில் சுமக்கும் கடகம் எங்கே! பின்னணியை வெட்டும்போது தரை, கதிரைக்கால், பிடித்திருக்கும் கை எல்லாம் போய்விடுகின்றன. போன் கமராவாலேயே அளவெடுக்கும் ஏஆர் அளவுகோலை நம்பிப் பார்த்தேன். சின்னப் பேணியில் ஒரு சென்டிமீற்றர் பிழை வந்தது. இப்போது அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து அதையும் சேர்த்தே வெட்டுகிறேன். அதோடு ஒவ்வொரு சாமானையும் அம்மா கையில் பிடித்திருக்கும் முழுப்படம் ஒன்றும் கட்டாயம்.

2022இல் வேலை ஒரேயடியாக நின்றது. மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ரவுட்டர் இல்லை, போனுக்கும் கணினிக்கும் தொடுப்பு இல்லை, வெட்டும் வேலையையும் செயலி தூரத்துச் சேவையகத்தில்தான் செய்தது. அந்த வருடம் செப்டெம்பரில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 16 இயங்குதளம் வந்தது. படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினால் பொருள் தனியாகக் கழன்று வரும், அதுவும் போனுக்குள்ளேயே. தங்கச்சியின் பழைய ஐபோனை வாங்கி அதற்கு மாறினேன். திரைக்கு நேரே பிடித்து ஒட்டும் அழகு அதில் இல்லைத்தான். ஆனால் கரண்ட் இல்லாத பகலிலும் வெட்டி வைக்கலாம், இரவில் ஒட்டலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றையும் சுற்றி நடந்து அறுபது எழுபது படம் எடுத்து முப்பரிமாணமாக்கினேன். சொரசொரப்பான கல்லுக்கு அது நன்றாக வரும், மினுங்கும் பித்தளைக்குச் சரிவராது. வேர்டில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் வெறும் படம்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தாம்பாளம் ஒன்றைக் கேட்டு வாங்கி எடுத்தேன். வெட்டி ஆவணத்தில் விட்டதும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டவந்து பார்த்தார். "இது மாதிரித்தான். ஆனா எங்கடையிலை விளிம்பிலை பூ இல்லை, நடுவிலை ஒரு நசிவு இருந்தது. கொப்பர் விழுத்தினது." படத்துக்குக் கீழே அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.