மூளைக் கட்டியில் மிர்-21 தேட மிர்நீசி மினி கிட்: மதுரை வெயிலுக்கு ஏற்றதா?

கியாஜென் நிறுவனத்தின் மிர்நீசி மினி, 50 ஸ்பின் காலம் (column: ஆர்.என்.ஏ. ஒட்டும் சவ்வு உள்ள சிறு குழாய்) கொண்ட பெட்டி. கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டியின் திசுவிலிருந்து, மரபணுக்களை அடக்கி வைக்கும் சின்னத் துண்டுகளான மைக்ரோ ஆர்.என்.ஏ. எடுக்க நினைப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நீளம் ஏறக்குறைய 22 எழுத்து (நியூக்ளியோடைடு) தான். வழக்கமான ஆர்.என்.ஏ. கிட்டுகள் 200 எழுத்துக்குக் குறைந்ததைக் கழிவோடு சேர்த்து ஊற்றிவிடும். இது பிடித்து வைக்கும்.

அந்தச் சின்னத் துண்டுகளில்தான் விஷயம் இருக்கிறது. மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் அளவு இந்தக் கட்டியில் ஏறி நிற்கும். பி-டென், பி.டி.சி.டி-4 என்ற வளர்ச்சித் தடைகளை அது அமுக்குகிறது. கூடவே ரெக், டிம்ப்-3 என்ற புரதங்களையும் அமுக்குவதால், செல்களைச் சுற்றியுள்ள வலைப்பின்னலைக் கரைக்கும் நொதிகளுக்குக் கடிவாளம் போய்விடும். கட்டி பக்கத்து மூளைக்குள் ஊறி இறங்கும். மிர்-34ஏ, மிர்-7 இரண்டும் நேர் எதிர்: வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களில் முன்னது சி-மெட்டையும் பின்னது இ.ஜி.எஃப்.ஆரையும் கட்டுப்படுத்துபவை, கட்டியில் குறைந்துபோகும்.

செய்முறை எளிது. திசு 50 மி.கி.க்கு மேல் வேண்டாம். 700 மைக்ரோலிட்டர் கியாசாலில் (திசுவைக் கரைக்கும் திரவம்) அரைத்து 5 நிமிடம் விட்டு, 140 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம் ஊற்றி 15 விநாடி நன்றாகக் குலுக்கவும். 2-3 நிமிடம் கழித்து 4 டிகிரியில் 12,000 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றினால் மேலே தெளிநீர் நிற்கும். மூளையில் கொழுப்பு அதிகம், நடு அடுக்கு தடித்து வரும். பேராசைப்பட்டுக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாமல் 350 மைக்ரோலிட்டரோடு நிறுத்துங்கள். அதில் 1.5 மடங்கு, அதாவது 525 மைக்ரோலிட்டர், தூய எத்தனால். சின்னத் துண்டுகளைக் காலத்தில் ஒட்ட வைப்பது இந்த 1.5 மடங்குதான். பழைய கிட் பழக்கத்தில் 70 சதவீத எத்தனாலைச் சம அளவு ஊற்றினால் மிர்-21 கீழே ஓடிவிடும். பிறகு ஆர்.டபிள்யூ.டி., ஆர்.பி.இ. என்ற கழுவு திரவங்களில் முன்னதால் ஒரு முறை, பின்னதால் இரண்டு முறை கழுவி, 30 முதல் 50 மைக்ரோலிட்டர் நீரில் இறக்க வேண்டும்.

குறை என்று பார்த்தால், குளோரோஃபார்மும் எத்தனாலும் பெட்டியில் வராது. விலையும், காலம் இல்லாமல் ஆர்.என்.ஏ. எடுக்கும் ட்ரைசால் திரவத்தைவிடப் பல மடங்கு. ஆனால் திசு கொஞ்சமாக இருக்கும்போது ட்ரைசாலில் வீழ்படிவாக்கினால், ஜி, சி எழுத்துகள் குறைந்த சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மட்டும் தனியாக நழுவும் என்று 2012-இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தப் பட்டியலில் மிர்-21, மிர்-34ஏ இரண்டுமே உண்டு. அங்கே மிச்சம் பிடிக்கப் போய் இங்கே பொய்யான எண் வாங்குவதில் அர்த்தமில்லை.

இனி நம்மூர் சமாச்சாரம். கிட்டை 15 முதல் 25 டிகிரியில் வைக்கச் சொல்லி அட்டையில் இருக்கும். கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத மதுரை அறை அந்தக் கணக்கில் வராது. பெட்டியை ஏ.சி. அறையில் வையுங்கள். எத்தனால் கலந்த ஆர்.பி.இ. புட்டியை ஒவ்வொரு முறையும் இறுக மூடுங்கள். ஆவியாகிப்போன புட்டியில் கழுவினால் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்து கரையும். மின்தடையை நம்ப முடியாத இடத்தில், அறுவை அரங்கிலிருந்து வரும் துண்டை உடனே ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ.லேட்டர் திரவத்தில் போடுவதே மேல்: தடிமன் 0.5 செ.மீ.க்குள், 1 மி.கி.க்கு 10 மைக்ரோலிட்டர், ஒரு இரவு 4 டிகிரி, அப்புறம் உறைபெட்டி.

அளக்கும் கட்டத்தில் 260/230 விகிதம் (260, 230 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) சரிந்தால், கியாசாலில் உள்ள குவானிடின் உப்பு மிச்சம், ஆர்.பி.இ. கழுவலை மறுபடி கவனியுங்கள். கட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்த திசு, அதை எடுத்தால் எந்தக் கிட்டும் காப்பாற்றாது. நோய்க்கூறியல் மருத்துவர் ஒரு சீவலைச் சாயமேற்றிப் பார்த்து, உயிருள்ள கட்டிச் செல்கள் உள்ள பகுதியைக் குறித்துக் கொடுத்த பிறகே வெட்டுங்கள். மிர்-21 மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல் மிர்-10பி-யும் சேர்த்து ஓட்டுங்கள். இயல்பான மூளையில் அது ஏறக்குறைய இல்லை, கிளையோமாவில் தாராளமாக இருக்கும். ஒப்பீட்டுக்கு எடுத்த இயல்பான மூளைத் துண்டிலும் மிர்-10பி எகிறினால், அந்தத் துண்டுக்குள் கட்டிச் செல் புகுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மெழுகுக் கட்டியில் பதித்த பழைய திசுவுக்கும் ரத்தப் பிளாஸ்மாவுக்கும் இந்தப் பெட்டி வேண்டாம். அவற்றுக்கு இதே வரிசையில் தனிக் கிட்டுகள் இருக்கின்றன.