தஞ்சாவூர்ப் பக்கம் பலூன் சவாரிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பொங்கல் விடுமுறைக்குக் கும்பகோணம், தஞ்சாவூர், திருவையாறு என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. விடியல் வெளிச்சத்தில் பெரிய கோயில் விமானத்துக்கு மேலே ஏழெட்டு வெப்பக்காற்று பலூன்கள். கீழே பச்சைப் பசேலென்று வயல், அதன் நடுவே வளைந்து ஓடும் காவிரி. ‘கட்டில்லாத வானப் பயணம், 45 நிமிடம், தலைக்கு 4,500 ரூபாய், காலைச் சிற்றுண்டியும் சான்றிதழும் சேர்த்து’ என்று போட்டிருப்பார்கள். கட்டில்லாத என்றால், கயிற்றால் தரையோடு கட்டிவைக்காமல் காற்றோடு பறக்கவிடுவது. உள்ளூர்க்காரர்கள் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். பெரிய கோயிலை ஒட்டிக் காவிரி எங்கே ஓடுகிறது? ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் திருவையாறு வரை போக வேண்டும். எங்கோ எடுத்த பலூன் படத்தையும் எங்கோ எடுத்த ஆற்றையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் நான்கு பேருக்கு 18,000 ரூபாய் கட்டினோம். மனைவி, மகள், மாமனார், நான். பணம் ஜிபேயில் போனது. போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு தனிநபரின் எண்ணுக்கு. பில் கேட்டதற்கு, “நேர்ல வரும்போது தர்றோம் சார்” என்றார்கள். அந்தப் பில் இன்றுவரை வரவில்லை.

எங்கே வர வேண்டும் என்ற தகவல் முந்தின இரவு பத்து மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. கபிஸ்தலம் தாண்டி ஓர் இடம், காலை 5 மணிக்குள் வந்துவிட வேண்டும், தாமதமானால் பணம் திரும்பாது. மாமனார் வீடு பாபநாசம் பக்கம் என்பதால் எங்களுக்குத் தூரம் பெரிய விஷயமில்லை. பனிதான் படுத்தி எடுத்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அது மைதானமே இல்லை. வயலில் மண்ணடித்து மேடாக்கி மனை பிரித்துப் போட்ட இடம். மஞ்சள் பூசிய மனைக்கற்கள், வரிசையாகக் கலர் கொடிகள், வாசலில் ஓர் ஆர்ச். மூன்று பக்கமும் அறுப்புக்கு நிற்கிற சம்பா. நாலாவது பக்கம் தென்னந்தோப்பு, அதன் ஓரமாகவே மின்கம்பி.

மாமனார் இறங்கினார், துண்டை உதறித் தோளில் போட்டார், சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்தார். “மாப்ள, இது மேல போவும், சரி. எங்க வந்து எறங்கும்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே வாக்கிடாக்கியோடு நின்ற இளைஞனிடம் போய் அதையே கேட்டார்.

“அதெல்லாம் பைலட் பாத்துப்பாருங்க ஐயா.”

“தம்பி, அறுப்புக்கு நிக்கிற வயல்ல வந்து எறங்குனா எவன் சும்மா விடுவான்? கதிரெல்லாம் கொட்டிப்போவுமே.”

அவன் வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிடுவதுபோல் நகர்ந்துவிட்டான். டெல்டாவில் பலூன் சவாரி விற்கிற யாராக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பலூனுக்குத் திருப்புவதற்கு ஸ்டியரிங் கிடையாது. எரிவாயு பர்னரைப் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி மேலே போகும். உச்சியில் இருக்கும் திறப்பைக் கயிறு இழுத்துத் திறந்தால் சூடான காற்று வெளியேறிக் கீழே வரும். பக்கவாட்டில் போவதெல்லாம் காற்றின் இஷ்டம். உயரத்துக்கு உயரம் காற்று வேறு திசையில் வீசும் என்பதால், அனுபவமுள்ள பைலட் மேலும் கீழும் போய் ஓரளவு வழி தேடிக்கொள்வார். இறங்கும் இடத்தை முன்கூட்டியே புள்ளி வைத்துச் சொல்ல அவராலும் முடியாது. அதனால்தான் கீழே ஒரு ஜீப் பலூனைத் துரத்திக்கொண்டே போகும். பொள்ளாச்சியில் 2015 முதல் பொங்கலையொட்டி பலூன் விழா நடக்கிறதல்லவா, 2025 ஜனவரியில் அங்கே கிளம்பிய பலூன் ஒன்று காற்றோடு போய் எல்லை தாண்டிப் பாலக்காடு மாவட்டத்தில் வயலில் இறங்கியது. செய்தியில் எல்லோரும் பார்த்ததுதான்.

தை மாதத்து டெல்டாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல் நிற்கும். இடையிடையே வாய்க்கால், தென்னை, பம்புசெட்டுக்குப் போகும் கம்பி. பலூன்காரர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படுவது அந்தக் கம்பிக்குத்தான். போதாததற்குத் தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சுகோய் போர் விமானங்களின் படைப்பிரிவு ஒன்று 2020 ஜனவரியிலிருந்து அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் திருச்சி விமான நிலையம். இதற்கு நடுவே நினைத்த நேரத்தில் யாரும் பலூனை அவிழ்த்துவிட முடியாது, வான்வெளி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி எங்கே என்று கேட்டேன். பாலித்தீன் உறையில் போட்ட ஒரு தாளை நீட்டினார்கள். வாங்கிப் படித்தால், அந்த மனை இடத்தை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்ததற்கான ரசீது.

விடிந்தது. பெரிய மின்விசிறி வைத்துத் துணிக்குள் காற்றடித்தார்கள், பர்னரைப் போட்டார்கள், பலூன் எழுந்து நின்றது. அந்தக் காட்சி அழகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அப்புறம்தான் கூடையிலிருந்து மூன்று கயிறு போவதைக் கவனித்தோம். ஒன்று ஜீப்பில், ஒன்று டிராக்டரில், மூன்றாவது ஒரு தென்னை மரத்தில். “காத்து சரியில்ல சார், இன்னைக்குக் கட்டித்தான் ஏத்துவோம்” என்றார்கள். காற்றா? வாசலில் கட்டியிருந்த கொடிகள் பனியில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஓர் இலை அசையவில்லை. பலூன் பறக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நிலம் சூடாகாத விடியல் வேளையைத் தேடித்தான் உலகமெங்கும் பறக்கிறார்கள். ஆக, கட்டித்தான் ஏற்றுவது என்பது முதலிலேயே முடிவான விஷயம்.

கட்டி ஏற்றும் பலூன் ஒன்றும் தப்பான பொருள் இல்லை. விழாக்களில் பொதுமக்களை அப்படித்தான் ஏற்றுகிறார்கள், அதற்கென்று ஒரு விலையும் உண்டு. கட்டில்லாத பயணத்தின் விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பதுதான் மோசடி.

சரி, அதையாவது உடனே கொடுத்தார்களா? இல்லை. இங்கேதான் கதையே. ஏழு மணிக்கு மேல் வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கழுத்தில் பச்சை அட்டை. அவர்கள் மனை பார்க்க வந்தவர்கள், அவர்களுக்குச் சவாரி இலவசம், முதலில் அவர்கள்தான். 18,000 கட்டிய நாங்கள் மனைக்கல் மேல் உட்கார்ந்து, ஓசியில் வந்தவர்கள் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்தோம். எங்களைப் போலவே பணம் கட்டியவர்கள் இன்னும் சில குடும்பங்கள். மதுரைக்காரர் ஒருவர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். காலைச் சிற்றுண்டி என்றது ஒரு பேப்பர் கப் டீ, இரண்டு பிஸ்கட். கும்பகோணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தண்ணி டீயைக் குடிக்க வைத்ததற்கே தனியாக வழக்குப் போடலாம்.

எங்கள் முறை வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இப்போது நிஜமாகவே காற்று எழுந்திருந்தது, கொடிகள் படபடத்தன. கட்டிய பலூனுக்கு இதுதான் ஆபத்தான நேரம். அவிழ்த்துவிட்ட பலூன் காற்றோடு சேர்ந்து போவதால் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றடிப்பதே தெரியாது. கட்டிய பலூன் போக வழியில்லாமல் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நிற்கும், சாயும், இழுக்கும். பொறுப்பான பைலட்டாக இருந்தால் அந்த நேரத்தில் துணியைச் சுருட்டியிருப்பார். இவர்கள் எங்களை ஏற்றினார்கள். இறங்கும்போது முழங்காலை மடக்கி நில்லுங்கள், உள்பக்கக் கைப்பிடியைப் பிடியுங்கள், கையை வெளியே நீட்டாதீர்கள் என்று எதுவும் சொல்லவில்லை. குழந்தைக்கு எத்தனை வயது என்றுகூடக் கேட்கவில்லை.

மேலே போனோம். தென்னையின் குருத்து கண்ணுக்கு நேராகத் தெரியும் உயரம், அறுபது எழுபது அடி இருக்கலாம். பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள். விளம்பரத்தில் அதற்கு மேலே பறந்த பலூன் இங்கே தோப்பைத் தாண்டவில்லை. பர்னர் போடும்போதெல்லாம் உச்சந்தலை காய்ந்தது. மாமனார் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நான் கீழே பார்த்தேன். டிராக்டரின் பின்சக்கரம் லேசாக எழும்பி எழும்பி இறங்கியது. தென்னை மரத்தில் போட்ட முடிச்சை ஒரு பையன் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் வயலாவது ஆறாவது, எதையும் பார்க்க மனம் வரவில்லை. “இறக்குங்க” என்றேன். இறக்கும்போது கூடை தரையில் மோதி, சாய்ந்து, கொஞ்ச தூரம் இழுபட்டது. மகளின் தாடை கூடை விளிம்பில் இடித்தது. ரத்தம் இல்லை, வீங்கிவிட்டது.

ஏறியதிலிருந்து இறங்கியதுவரை மகள் எடுத்த வீடியோ 5 நிமிடம்கூட ஓடவில்லை. 1783 நவம்பர் 21-ஆம் தேதி பாரிஸில் முதன்முதலாக இரண்டு பேர் கட்டில்லாத வெப்பக்காற்று பலூனில் போனார்களே, அவர்களே சுமார் 25 நிமிடம் பறந்தார்கள்.

கூடையை விட்டுக் காலை வெளியே வைத்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதன் பின்பக்கம் மனை விலைப்பட்டியல். சதுரடி இவ்வளவு, வங்கிக் கடன் வசதி உண்டு, இன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு. மாமனார் அதை ஒருமுறை படித்துவிட்டு, “நல்ல நஞ்சையைத் தூத்து வச்சிருக்கானுவோ” என்று மட்டும் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “ரைடு குடுத்தாச்சே சார்” என்றார்கள். 45 நிமிடம் என்ற செய்தியைக் காட்டினேன். ‘வானிலையைப் பொறுத்து மாறலாம்’ என்ற வரியைக் காட்டினார்கள். வீட்டுக்குப் போவதற்குள் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பியிருந்த செய்திகள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன, குழுவிலிருந்து என்னையும் நீக்கியிருந்தார்கள். நல்லவேளை, மனைவி முந்தின இரவே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். அவள் வங்கியில் வேலை பார்க்கிறவள், யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டாள்.

அதை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்தோம். புகார் எண்ணை அவர்களுக்கு அனுப்பிய பிறகு பேச்சின் தொனியே மாறியது. இரண்டு பேருக்கான பணம், 9,000 ரூபாய், திரும்பி வந்தது. மீதிக்கு ‘அடுத்த சீசனில் இலவச சவாரி’ என்றார்கள். இன்னொரு முறை அந்தக் கூடையில் ஏற ஆள் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். புகார் நடப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

வேறு யாரிடமாவது பலூன் ஏறப் போகிறீர்கள் என்றால், கட்டியதா கட்டில்லாததா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கே இறங்கும், துரத்தி வரும் வண்டி எது என்று கேளுங்கள். பைலட்டுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுத்த உரிமம் இருக்க வேண்டும், காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். பலூன் துணியில் பதிவெழுத்து இருக்கும், இந்தியப் பதிவு என்றால் வி.டி. என்று தொடங்கும். நாங்கள் ஏறியதில் அது இருக்க வேண்டிய இடத்தில் மனை விளம்பரம் தொங்கியது. 2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சரில் ஒரு பலூன் தீப்பிடித்து விழுந்து 19 பேர் இறந்தார்கள். முறையாக நடத்தும் இடங்களிலேயே இப்படி ஆகக்கூடும். முடிச்சைக் காலால் மிதித்துப் பிடிக்கிற இடத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

போன வாரம் அதே தொலைபேசி எண்ணோடு புதுப் பெயரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். இந்த முறை தரங்கம்பாடி. டேனிஷ் கோட்டைக்கு மேலே, கடலோரமாக விடியல் பயணம் என்கிறார்கள். கடற்கரையில் விடியலில் பல நாள் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் என்பது அங்கே வலை வீசுகிற யாரைக் கேட்டாலும் தெரியும். அதற்குப் பணம் கட்டியிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், வாட்ஸ்அப்பில் வந்த எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் அவர்களிடம் பேசுங்கள்.