டெஸ்க்டாப்பில் புரொஜெக்டர்: காட்பாடி டியூஷன் ஹாலில் பல வருட அனுபவம்

புரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை லூமன்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வேண்டும் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: கம்ப்யூட்டர் எங்கே இருக்கும், புரொஜெக்டர் எங்கே தொங்கும், நடுவில் எத்தனை மீட்டர்? லேப்டாப் என்றால் புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் வைத்த இடத்தை விட்டு நகராது. அங்கிருந்து கூரை வரை படம் பழுதில்லாமல் போய்ச் சேரவேண்டும். புரொஜெக்டர் நன்றாக உழைக்கிறதா இல்லையா என்பது பாதிக்கு மேல் அந்த வழியில்தான் இருக்கிறது.

காட்பாடியில் மாடி ஹால் ஒன்றை வாடகைக்கு எடுத்து டியூஷன் நடத்துகிறேன். காலையில் ப்ளஸ் டூ இயற்பியல், சாயங்காலம் டிஎன்பிஎஸ்சி. கொரோனாவுக்கு முன்பே மாட்டிய புரொஜெக்டர்தான் இன்றும் ஓடுகிறது. 1280×800 புள்ளிகள் காட்டும் ரகம், லேம்ப் வைத்தது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தது, கிராஃபிக்ஸ் கார்டு தனியாகப் போட்டது.

கார்டு தனியாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிபியுவின் பின்பக்கம் எச்டிஎம்ஐ (படத்தையும் சத்தத்தையும் சேர்த்து அனுப்பும் டிஜிட்டல் போர்ட்) இரண்டு இடத்தில் தெரியும். மேலே யுஎஸ்பிகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டினுடையது. கீழே படுக்கைவாட்டில் இருப்பது கார்டினுடையது. கார்டு போட்ட பிறகு பல கம்ப்யூட்டர்களில் மேலே இருப்பது தானாக அணைந்துவிடும். அதில் செருகிவிட்டு "நோ சிக்னல்" வருகிறது, புரொஜெக்டர் போய்விட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. மானிட்டர், புரொஜெக்டர் இரண்டையும் கீழே கார்டிலேயே செருகுங்கள்.

என் கார்டில் எச்டிஎம்ஐ ஒன்று, விஜிஏ ஒன்று. எதை எதற்குக் கொடுப்பது? பெரும்பாலானவர்கள் நல்லதை மானிட்டருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் புரொஜெக்டருக்கு விடுவார்கள். தலைகீழாகச் செய்வதுதான் சரி என்பது என் அனுபவம். விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. 15 பின், அனலாக். ஒன்றரை மீட்டரில் இருக்கும் மானிட்டருக்கு அது தாராளமாகப் போதும். கேபிள் நீள நீள, எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி ஒரு கோடு விழும். கரண்ட் ஒயர் பக்கத்தில் ஓடினால் திரையில் அலை ஓடும். அதனால் தூரத்துக்கு எச்டிஎம்ஐ, பக்கத்துக்கு விஜிஏ.

கேபிள் இழுத்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீடு கட்டும்போதே இதை யோசித்தால் பிறகு சுவரை உடைக்க வேண்டாம். எங்கள் எலெக்ட்ரீஷியன் தம்பி கேபிளின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்ததும் சொன்னான்: "அக்கா, இந்தத் தலை நம்ம பைப்புல போவாது. போனாலும் பெண்டுல நிக்கும்." சரியாகத்தான் சொன்னான். சாதாரண ஒயரிங்குக்குப் போடும் முக்கால் இன்ச் பைப்பில் எச்டிஎம்ஐ தலை நுழையாது. ஒயரை மாதிரி நறுக்கிச் சீவி மறுபடி முறுக்கிக்கொள்ளவும் முடியாது, உள்ளே 19 பின். ஒன்றரை இன்ச் பைப், மூலையில் நீள வளைவு, முடிந்தால் சுவருக்கு வெளியே கேசிங். கேபிளை இழுக்கும்போதே கூட ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வைத்தோம். அடுத்த கேபிளை அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். விஜிஏ கேபிள் ஒன்றும் ஸ்டாண்ட்பையாக உள்ளேயே போய்விட்டது. கரண்ட் ஒயர் வேறு பைப்.

நீளம் பத்து மீட்டரைத் தொடுகிறது என்றால் கேபிளில் காசு பார்க்காதீர்கள். முதலில் மாட்டிய மலிவான கேபிளில் மழைத்தூறல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் மின்னிக்கொண்டே இருந்தன. ஒரு நாள் படமே வராமல் நின்றுவிட்டது. வாங்கிய கடையில் "கேபிளுக்கெல்லாம் கேரண்டி இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு போட்டது உள்ளேயே சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் ஆக்டிவ் கேபிள். இன்றுவரை தொல்லை இல்லை. ஆனால் அதற்குத் திசை உண்டு: "சோர்ஸ்" என்று அச்சடித்த முனை கம்ப்யூட்டருக்கு, "டிஸ்பிளே" என்ற முனை புரொஜெக்டருக்கு. பைப்பில் விடுவதற்கு முன்னால் தரையிலேயே நீட்டிப் போட்டு இரண்டு பக்கமும் செருகிப் படம் பார்த்துவிடுங்கள்.

எர்த். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குப் போதாது. பழைய கட்டடங்களில் மூணு பின் சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டையில் ஒயரே இருக்காது. எர்த் இல்லாவிட்டால் சிபியுவின் இரும்புப் பெட்டியில் டெஸ்டர் வைத்தால் எரியும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, லைன் வோல்டேஜில் ஏறக்குறைய பாதி பெட்டிக்கு வந்துவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குச் சுருக்கென்று மட்டும் இருக்கும். எச்டிஎம்ஐ சிப்புக்கு அதுவே எமன். ஒரு பக்கம் எர்த் இருந்து மறுபக்கம் இல்லாமல், இரண்டும் ஆனில் இருக்கும்போது கேபிளைச் செருகினால் போர்ட் ஒரே அடியில் போய்விடக்கூடும். எங்கள் ஹாலில் புதிதாக எர்த் குழி எடுத்து, கம்ப்யூட்டருக்கும் புரொஜெக்டருக்கும் ஒரே போர்டிலிருந்து லைன் கொடுத்தோம். கேபிளைக் கழற்றி மாட்டுவதென்றால் இரண்டையும் அணைத்த பிறகுதான். அந்தச் செலவு எனக்குக் கேபிளை விடவும் அதிகம். முழு மனதோடு செய்த செலவு.

கரண்ட் விஷயத்தில் இன்னொன்று. லேம்ப் புரொஜெக்டரை அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடும், லேம்பைக் குளிர வைக்க. கரண்ட் திடீரென்று போனால் அந்த ஃபேனும் நின்றுவிடும், கொதிக்கும் லேம்ப் அப்படியே நிற்கும். லேம்பின் ஆயுள் இப்படித்தான் குறைகிறது. கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் வைத்துவிட்டுப் புரொஜெக்டரை நேரடியாக லைனில் விடுவது இந்த ஊரில் ஆகாது. 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். லேம்ப் புரொஜெக்டர் மட்டுமே 300 வாட்டுக்குப் பக்கம் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 1 கேவிஏ போட்டிருக்கிறேன். பவர் கட் ஆனால் பாடத்தைத் தொடர்வதில்லை. முறையாக அணைப்பதற்குத்தான் அந்தச் சில நிமிடங்கள்.

இனி திரைக்கு வருவோம். தமிழில் பாடம் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவேண்டும். விண்டோஸ் கீயையும் P கீயையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் வரும். எல்லோரும் போய் நிற்பது டூப்ளிகேட்டில், அதாவது இரண்டு திரையிலும் ஒரே படம். மானிட்டர் 1920×1080, புரொஜெக்டர் 1280×800. டூப்ளிகேட்டில் இரண்டுக்கும் ஒரே அளவு என்பதால் கம்ப்யூட்டர் மானிட்டர் அளவில் அனுப்ப, புரொஜெக்டர் அதைச் சுருக்கிக் காட்டும். படம், வீடியோ என்றால் தெரியாது. எழுத்தில் தெரியும். மெல்லிய கோடுகள் கரைந்து, மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி காணாமல் போகும். "மின்னூட்டம்" என்பது பின் பெஞ்சுக்கு "மினனூடடம" என்று நிற்கும். தசமப் புள்ளியும் அதே கதி. "மிஸ், அது நாலு புள்ளி ஏழு ஓமா, நாப்பத்தேழு ஓமா?" என்று கடைசி வரிசைப் பெண் கேட்ட அன்றே நான் எக்ஸ்டெண்டுக்கு மாறிவிட்டேன்.

எக்ஸ்டெண்டில் சுவர் இரண்டாவது தனித் திரையாகிவிடும், ஒவ்வொரு திரையும் தன் சொந்த அளவில் ஓடும். டிஸ்பிளே செட்டிங்ஸில் இரண்டாவது திரையைத் தேர்ந்து, "ரெகமெண்டட்" என்று காட்டும் அளவையே வையுங்கள். புள்ளி புள்ளியாக நிற்கும். அதே பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று இரண்டு கட்டங்கள் தெரியும். சுவர் உங்களுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இரண்டாவது கட்டத்தை இழுத்து வைத்தால் மவுஸ் அம்பு தேடிய இடத்தில் கிடைக்கும். விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல் அப்படியே சுவருக்குத் தாவும்.

இதனால் வகுப்பே மாறிவிட்டது என்று சொல்வேன். சுவரில் கேள்வி, என் மானிட்டரில் விடைக்குறிப்பு. டிஎன்பிஎஸ்சி பசங்களுக்கு மாவட்டப் பிரிப்பு நடத்தும்போது சுவரில் பழைய வட ஆற்காடு வரைபடம் நிற்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்ததைக் கேட்டு முடித்து, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்த பிறகான படத்தை மானிட்டரிலிருந்து தள்ளிவிடுவேன். ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது எந்த மாவட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் படத்தைப் பார்க்கிறார்கள். எல்லைக்கோடு மயிரிழையாக இருந்தாலும் தெளிவாக விழுகிறது.

கீஸ்டோனும் இந்தப் புள்ளியைத் தின்னும். கோணலாக மாட்டிவிட்டு ரிமோட்டில் நேராக்கினால் படம் மறுபடியும் நசுங்கித்தான் வரும். புரொஜெக்டரையே நேராக மாட்டி கீஸ்டோனைப் பூஜ்யத்தில் விடுங்கள். மாட்டும் இடத்துக்குக் கணக்கு சுலபம்: த்ரோ ரேஷியோ (தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் இரண்டு மீட்டர் அகலத் திரைக்கு மூன்று மீட்டர் தூரம். அந்த மூன்று மீட்டருக்குள் சீலிங் ஃபேன் வருகிறதா என்று அண்ணாந்து ஒருமுறை பாருங்கள். றெக்கையின் நிழல் சுவரில் சுற்றினால் ஒரு பிள்ளையும் பாடத்தைப் பார்க்காது.

சத்தம்: எச்டிஎம்ஐ மாட்டியதும் சத்தம் புரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்குப் போய்விடும். மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் ஐகானைத் தொட்டுப் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தால் சரி. ஸ்லீப்பை "நெவர்" என்று வைத்துவிடுங்கள். படம் வராமல் அடம்பிடித்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், பெரும்பாலும் வந்துவிடுகிறது. தினமும் புரொஜெக்டரை முதலில் ஆன் செய்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அதற்கே தேவை வராது. வயர்லெஸ்ஸில் அனுப்பும் வழியும் இருக்கிறது. வைஃபை இல்லாத டெஸ்க்டாப்புக்கு அடாப்டர் தனியாக வேண்டும், மவுஸ் அசைவும் சுவரில் தாமதமாகவே தெரியும். எனக்குப் பிடிக்கவில்லை.

வேலூர் வெயில் ஊரறிந்தது. பெரும்பாலான புரொஜெக்டர்களின் புத்தகத்தில் 35 அல்லது 40 டிகிரி வரைதான் ஓடும் என்று போட்டிருக்கும். கத்திரியில் வெளியிலேயே 40ஐத் தாண்டுகிறது. மாடி ஹாலில், அதுவும் சூடு தங்கும் கூரைக்குக் கீழே தொங்குகிறதென்றால் கேட்கவே வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாகிவிடும். மே மாதம் முழுவதும் வகுப்பைக் காலை ஆறரைக்குத் தள்ளிவிட்டேன், வெளிச்சத்தைக் குறைத்து ஓடும் ஈகோ மோடில்தான் ஓட்டுகிறேன், புரொஜெக்டரைக் கூரையிலிருந்து ஒரு முழம் கீழே இறக்கினோம். ரோட்டுத் தூசி ஃபில்டரில் கம்பளி மாதிரி படிகிறது. மாதம் ஒருமுறை கழற்றித் தட்டாவிட்டால் சூடும் குறையாது, ஃபேன் சத்தமும் குறையாது.

இந்த லேம்ப் தீர்ந்தால் அடுத்து எல்இடியோ லேசரோதான் பார்க்கப்போகிறேன், இருபதாயிரம் மணி நேரம் என்று போடுகிறார்கள், கரண்ட் போனாலும் லேம்ப் பயம் இல்லை. வாங்கும்போது 1920×1080 ஆகவே வாங்கிவிடுவேன், மானிட்டரும் சுவரும் ஒரே அளவில் இருக்கும். பைப்பில் கயிறு காத்திருக்கிறது. கேபிள் மாற்ற வேண்டுமென்றாலும் அரை மணி நேர வேலை.