பாஷ் ஜிஇஎக்ஸ் 125-1 ஏஇ சாண்டர்: பலகைக்குச் சரி, மூலைக்கு ஆகாது

மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் மின்கருவி இது: 250 வாட், 125 மி.மீ. தட்டு, 1.3 கிலோ எடை. தேக்குக் கதவை ஒரு கையால் பிடித்தே தேய்க்கலாம். வட்டத் தட்டு என்பதால் சட்டத்தின் உள்மூலைக்குள் போகாது; அங்கே கைத்தேய்ப்புதான்.

உப்புத்தாளை 80, 120, 180 என்று வரிசையாக மாற்றுங்கள் (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்). நடுவில் 120-ஐ விட்டால் பாலிஷ் அடித்த பிறகு சுருள் கீறல்கள் பல்லை இளிக்கும். அழுத்தவே கூடாது: தட்டு சூடேறி வெல்க்ரோ கொக்கிகள் உருகும், அப்புறம் தாள் நிற்காது. தாளின் ஓட்டைகள் தட்டின் ஓட்டைகளோடு பொருந்தாவிட்டால் தூசு உள்ளே போகாது, தூசுப்பெட்டி வெறும் அலங்காரம். பெட்டி இருந்தாலும் என்95 முகமூடி வேண்டும். தேக்குத் தூள் பொல்லாதது. தாள் மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மரத்திலிருந்து தூக்கியதும் தட்டு வெறிபிடித்துச் சுற்றினால் தட்டின் வேகத்தை அடக்கும் பிரேக் வளையம் தேய்ந்திருக்கும், புதிது போடுங்கள்.