பாதாள வாசல் இரண்டு: தெனாரோன் முனையா, அக்கெரோன் கழிமுகமா?

கிரேக்கப் புராணங்களில் எமலோகத்துக்கு வாசல்கள் பல. அவற்றில் கடலோரமாக அமைந்து, இன்றும் போய் நிற்கக்கூடிய முக்கிய இடங்கள் இரண்டு. தெற்கே மானி தீபகற்பத்தின் நுனியில் இருக்கும் தெனாரோன் முனை ஒன்று. வடமேற்கே எப்பிரஸில், அக்கெரோன் ஆறு கடலில் கலக்கும் அம்மூடியா மற்றொன்று. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று கிளம்புபவர்களுக்குப் பொழுதின் பெரும்பகுதி காரிலேயே போய்விடும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

போக்குவரத்து வசதியில் அக்கெரோன் சந்தேகமில்லாமல் முந்துகிறது. பிரெவெசா விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பார்கா போன்ற ஊர்களில் தங்கிக்கொண்டு அரை நாளில் பார்த்துத் திரும்பலாம். தெனாரோனுக்கோ அரியோபோலி ஊர் வரை பஸ் உண்டு. அதற்குப் பிறகு சுமார் 40 கிலோமீட்டருக்கு வாடகைக் கார்தான் கதி. கல் கோபுர வீடுகள் நிற்கும் வாத்தியா ஊரைத் தாண்டியதும் மனித நடமாட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். கார்ச் சாலை முடியும் இடத்திலிருந்து முனையின் கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடை. வழியில் நிழலே கிடையாது.

கதை வளத்தில்தான் போட்டி கடுமையாகிறது. ஆவிகளிடம் பேச வீரன் ஒடிசியஸை மந்திரக்காரி கிர்க்கே அனுப்பிய இடம் அக்கெரோன் பாயும் நாடு என்று ஹோமர் சொல்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை. கொரிந்து நகரை ஆண்ட பெரியாண்டர், நண்பர் ஒருவர் ஒப்படைத்துப் போன பொருள் எங்கே இருக்கிறது என்று தன் இறந்த மனைவி மெலிஸ்ஸாவிடம் கேட்டுவர இங்கே ஆள் அனுப்புகிறான். அவள் ஆவி வருகிறது, பதில் சொல்ல மறுக்கிறது: "குளிர்கிறது, உடுத்த ஒன்றுமில்லை. என்னோடு புதைத்த துணிகளை எரிக்காததால் அவை எனக்குப் பயன்படவில்லை." உடனே பெரியாண்டர் ஊர்ப் பெண்களையெல்லாம் ஹீரா கோயிலுக்கு வரவழைத்து, அவர்களின் நல்ல ஆடைகளைப் பறித்து எரிக்கிறான். அடுத்த முறை மெலிஸ்ஸா இடத்தைச் சொல்லிவிடுகிறாள்.

தெனாரோனின் கதைகளும் இளைத்தவை அல்ல. ஹெராக்ளீஸ் பாதாளக் காவல் நாயான கெர்பெரோஸை இழுத்து வந்த வழி இதுதான் என்பார்கள். இறந்த மனைவி யூரிடிசியைத் தேடிப் பாடகன் ஓர்ஃபியஸ் இறங்கியதும் இந்த வாசலில்தான் என்று ரோமக் கவிஞர்கள் பாடினார்கள். மாலுமிகள் கடலில் குதிக்க வைத்த பாடகன் அரியோனை டால்பின் சுமந்து வந்து கரை சேர்த்ததும் இங்கேதான். அந்த அரியோன் பாடிக்கொண்டிருந்த அரசவை யாருடையது தெரியுமா? அதே பெரியாண்டருடையது! இங்கிருந்த கடல் தெய்வம் போசைடனின் கோயிலில் அடைக்கலம் புகுந்த ஹெலட் அடிமைகளை ஸ்பார்டாக்காரர்கள் வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள். பின்னர் தங்கள் நகரைக் குலைத்த பெரும் நிலநடுக்கம் அந்தப் பாவத்தின் பலன் என்று அவர்களே நம்பியதாக வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார்.

நேரில் போனால் கண்ணுக்கு என்ன கிடைக்கும்? அம்மூடியாவுக்குச் சற்று உள்ளே, மெசோபோட்டமோஸ் குன்றின்மீது நெக்ரோமன்டியோன், அதாவது ஆவிகளிடம் குறி கேட்ட இடம் என்று சொல்லப்படும் கட்டடம், இருக்கிறது. டிக்கெட் வாங்கி, தடித்த பலகோணக் கல் சுவர்களுக்கு நடுவே நடந்து, செங்குத்தான இரும்புப் படியில் இறங்கினால் வளைவு வளைவாகக் கல் தாங்கும் நிலவறை. உடம்பு சிலிர்ப்பது உண்மை. ஆனால் ஒரு சிக்கல். 1958-இல் தோண்டத் தொடங்கிய தொல்லியலாளர் சோதிரியோஸ் தக்காரிஸ் இதுவே ஆவிகளின் குறிமேடை என்றார்; கிடைத்த வெண்கலச் சக்கரங்களை, பூசாரிகள் ஆவி உருவத்தை இறக்கிக் காட்டிய பொறியின் பாகங்கள் என்று கருதினார். பின்னர் டீட்வுல்ஃப் பாட்ஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், அவை கவண்போல எறியும் போர்ப்பொறியின் உறுப்புகள் என்று காட்டினார். கட்டடமே அரண் சூழ்ந்த பண்ணை வீடாக இருந்திருக்கலாம் என்பது இன்று வலுவான கருத்து. ஒடிசியஸ் காலத்து அக்கெரூசியா ஏரியும் இப்போது இல்லை; வடித்துவிட்டு வயலாக்கிவிட்டார்கள்.

தெனாரோனில் டிக்கெட்டும் இல்லை, வேலியும் இல்லை. கோயில் கற்களைப் பெயர்த்துக் கட்டிய சிறு தேவாலயம், அதுவும் பாழடைந்து, கூரையின்றி நிற்கிறது. பொடிக்கற்களுக்கு நடுவே பெரிதாகச் செதுக்கிய பழைய கற்களை எளிதில் அடையாளம் காணலாம். நடைபாதையோரம் ரோமானியர் காலத்து மொசைக் தரை வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கிறது: வட்டத்துக்குள் வட்டம், அலை அலையாய்ச் சுருளும் விளிம்பு. ஹெராக்ளீஸ் குகையோ, பார்த்தால் சிறு பொந்து. அது இன்றைய ஏமாற்றம் அல்ல. கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் வந்து பார்த்துவிட்டு, உள்ளே பூமிக்கடியில் போகும் வழி எதுவும் இல்லையே என்று எழுதிவைத்தார். கெர்பெரோஸ் நாயே அல்ல, கொடிய பாம்பு என்று இன்னொரு பழைய எழுத்தாளர் சொன்னதையும் சேர்த்தார். அந்த நேர்மைக்காகவே எனக்குத் தெனாரோன் ஒரு படி மேல். அங்கே யாரும் எதையும் விற்பதில்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள் யோசிக்காமல் அக்கெரோனுக்குப் போகலாம். அம்மூடியாவில் மணற்கடற்கரை, ஆற்றில் படகுச் சவாரி, உள்நாட்டில் கிளீக்கி ஊரில் ஆகஸ்டிலும் கால் மரத்துப்போகும் ஊற்று நீர் எல்லாம் உண்டு. தனியாகவோ நடக்கத் தயங்காத துணையோடோ, வசந்தத்திலோ அக்டோபரிலோ போகிறவர்களுக்குத் தெனாரோன். கிளம்பும்போதே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். சாலை முடியும் இடத்திலுள்ள உணவகம் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.